பர்மாவில் பிள்ளைகளுக்கு விசுவாசத்தைக் கையளிப்பது: எதை முதலில், எதைப் பிறகு

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், எங்கள் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பின் வாசலில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளோடு பெற்றோர் வந்து நிற்பார்கள். “டீச்சர், இவனுக்குப் புதுநன்மை கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.” புதுநன்மை என்றால் பிள்ளை பூசையில் முதன்முறையாக நற்கருணை அப்பம் வாங்குவது. நான் பிள்ளையிடம், “சிலுவை அடையாளம் போடு, பார்க்கலாம்” என்பேன். பல பிள்ளைகளுக்குக் கை நெற்றியிலிருந்து நெஞ்சுவரை வந்துவிடும். அதற்குமேல் எந்தத் தோள் முதலில் என்று தெரியாமல் அம்மாவின் முகத்தைப் பார்ப்பார்கள்.

யாங்கோனில் பதினாறு ஆண்டுகளாக இந்த வகுப்பை நடத்துகிறேன். மூன்று பிள்ளைகளை வளர்த்திருக்கிறேன். இந்தத் தமிழ்க் கத்தோலிக்கப் பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று ஒரு நாளும் சொல்லமாட்டேன். அக்கறை நிறைய இருக்கிறது. வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. கடைசியில் வர வேண்டிய மனப்பாடத்தை முதலில் வைக்கிறார்கள். பிறந்த அன்றே தொடங்க வேண்டியதை ஏழு வயதுக்குத் தள்ளிப்போடுகிறார்கள்.

நம் பாட்டிமார் காலத்தில் மிஷன் பள்ளிகளில் கன்னியர் தினமும் ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தார்கள். 1965இல் அந்தப் பள்ளிகள் அரசுடைமையாகிவிட்டன. இன்று நம் பிள்ளைக்கு வாரத்தில் ஒரு மணி நேர வகுப்பு கிடைத்தால் அதிகம். வீட்டில் பிள்ளை ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதற்குப் பெயரும் பொருளும் சொல்ல அந்த ஒரு மணி நேரம் போதும். வீட்டில் ஒன்றுமே நடக்காத பிள்ளைக்கு அது போதவே போதாது.

1. தொடங்கும் முன் இருக்க வேண்டியவை

பொருள்கள் சில: ஒரு சிலுவை, ஒரு மெழுகுவர்த்தி, ஒரு செபமாலை, வீட்டில் யாராவது வாசிக்கக்கூடிய மொழியில் ஒரு வேதாகமம். இவற்றைப் பிள்ளையின் கண்மட்டத்தில் வையுங்கள். நம் வீடுகளில் மாதா சுரூபத்தை அலமாரிக்கு மேலே, கூரைக்குக் கிட்டத்தில் வைக்கும் வழக்கம் இருக்கிறது. பர்மிய வீடுகளில் புத்தர் மாடம் தலைக்கு மேலே இருப்பதைப் பார்த்துப் பழகிய மரியாதை அது. தவறில்லை. ஆனால் மூன்று வயதுப் பிள்ளைக்கு அங்கே தெரிவது சுரூபத்தின் அடிப்பீடம் மட்டுமே. மேலே இருப்பது இருக்கட்டும். கீழே ஒரு முக்காலியில் சிறிய சிலுவை ஒன்றை வையுங்கள். பிள்ளை அதைத் தொடட்டும், முத்தமிடட்டும்.

பொருள்களைவிட முக்கியமானது நேரம். “நேரம் கிடைக்கும்போது செபிப்போம்” என்ற வீட்டில் செபம் நடப்பதில்லை. தினமும் தவறாமல் நடக்கும் ஒரு வேலையோடு செபத்தை முடிச்சுப் போடுங்கள். இரவுச் சாப்பாடு முடிந்து தட்டு கழுவியவுடன் என்பது பெரும்பாலான குடும்பங்களுக்கு ஒத்துவருகிறது. எங்கள் தெருவில் மாலையில் மின்சாரம் போனால் மெழுகுவர்த்தி ஏற்றியாக வேண்டும். ஏற்றிய மெழுகுவர்த்தியை முக்காலியில் வைத்து அங்கேயே செபத்தைத் தொடங்கிவிடுவோம். இருட்டில் பிள்ளைகள் வெளிச்சத்தைச் சுற்றித் தாமாகவே வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

பிள்ளையைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு மாதமாவது நீங்கள் இருவரும் தனியாக அந்த இடத்தில், அந்த நேரத்தில் செபியுங்கள். பெற்றோர் தொடர்ந்து செய்வதைப் பிள்ளை தானாகச் செய்யும். பெற்றோர் ஏவிவிட்டுத் தொலைக்காட்சி பார்க்கப் போனால், செபம் சின்னப் பிள்ளைகளின் வீட்டுப்பாடம் என்று அதற்குப் புரிந்துவிடும்.

2. கணவனும் மனைவியும் பேசி முடிக்க வேண்டியது

இதை இரண்டாவதாக வைக்கிறேன். உண்மையில் திருமணத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய பேச்சு இது. நம்மில் பலருடைய வீட்டில் கணவனோ மனைவியோ பௌத்தர், இல்லையென்றால் இந்துவாக இருக்கும் தமிழர். கோவிலில் திருமணம் நடக்கும்போது, பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் இயன்றதையெல்லாம் செய்வதாகக் கத்தோலிக்கத் துணைவர் வாக்குக் கொடுக்கிறார். மற்றவருக்கு அந்த வாக்குறுதி தெரிவிக்கப்படுகிறது. அவர் வாக்குக் கொடுப்பதில்லை. இந்த வேறுபாடு பல குடும்பங்களுக்குத் தெரியாது. “அன்றைக்கே ஒப்புக்கொண்டீர்களே!” என்று மாமியார் வீட்டில் சண்டை மூளுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

ஆகவே பொதுவாகப் பேசாமல் ஒவ்வொன்றாகப் பேசுங்கள். ஞானஸ்நானம் எப்போது? மாலைச் செபத்தின்போது மற்றவர் என்ன செய்வார்? பௌத்தப் பாட்டி பிள்ளையைப் பகோடா எனும் பௌத்தக் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போக விரும்பினால் என்ன பதில்? பேசி முடிக்காத கேள்வி, பிள்ளைக்குக் காய்ச்சல் வரும் இரவில் எல்லோர் முன்னிலையிலும் வெடிக்கும்.

செபிக்காத துணைவருக்கும் ஒரு பங்கு கொடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்பா பௌத்தர். தினமும் மெழுகுவர்த்தி ஏற்றுவது அவர்தான். ஏற்றிவிட்டுச் சுவரோரம் அமைதியாக உட்கார்ந்திருப்பார். அப்பா மதிக்கும் காரியம் இது என்று அந்தப் பிள்ளைகள் புரிந்துகொண்டதற்கு அந்த ஒரு தீக்குச்சியே காரணம். அதே மதிப்பை நாமும் திருப்பித் தர வேண்டும். அவருடைய மதத்தைப் பிள்ளையின் முன் இழிவாகப் பேசினால், பிள்ளை அப்பாவை விட்டுக்கொடுக்காது. நம் விசுவாசத்தைத்தான் விட்டுவிடும்.

3. எந்த மொழியில் செபம்?

புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். பாட்டி “பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க” என்பார். அம்மா “அருள் நிறைந்த மரியே வாழ்க” என்பாள். வகுப்பிலும் பங்குக் கோவிலிலும் பர்மிய மொழி. மூன்றுக்கும் நடுவில் பிள்ளை வாயசைத்துத் தப்பித்துக்கொள்ளும்.

நான் சொல்லும் விதி ஒன்றுதான். பிள்ளை விழுந்து அடிபட்டால் எந்த மொழியில் அழுகிறதோ, அந்த மொழியில் முதல் செபம். அது தமிழானால் தமிழ், பர்மியமானால் பர்மியம். மறைக்கல்வியைத் தமிழ் வகுப்பாக்கிவிடாதீர்கள். இரண்டு பாரத்தையும் ஒரே தோளில் ஏற்றினால், தமிழ் வரவில்லை என்ற வெட்கத்தில் செபத்தையே பிள்ளை வெறுக்கும். தமிழ் மீது எனக்குள்ள பற்று யாருக்கும் குறைந்ததல்ல. அந்தப் பற்றோடுதான் இதைச் சொல்கிறேன்.

தமிழ் என்று முடிவு செய்தால், பழைய வாசகமா புதிய வாசகமா என்பதையும் முடிவு செய்யுங்கள். “பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே” சரியானதுதான். “விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே” என்பதும் சரியானதுதான். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு வீட்டில் எல்லோரும் ஒரே வாசகத்தைச் சொல்ல வேண்டும் என்பதே முக்கியம். பாட்டி உடனிருந்தால் பாட்டியின் வாசகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அவரை மாற்றச் சொல்வதைவிட நீங்கள் மாறிக்கொள்வது எளிது. பகலில் பிள்ளையோடு அதிக நேரம் இருப்பவரும் அவர்தான்.

தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைக்குத் தமிழ்ச் செபத்தைப் பர்மிய எழுத்தில் எழுதிக்கொடுக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. எழுதிக்கொடுக்காதீர்கள். பர்மிய எழுத்தில் ‘ர’ இருந்தாலும் பேச்சில் அது பெரும்பாலும் ‘ய’ ஆகிவிடும். ‘ழ’ கிடையவே கிடையாது. “பயலோகத்தில்” என்று படித்துப் பழகிய பிள்ளையைத் திருத்த எனக்கு ஓராண்டு பிடித்தது. செபம் காது வழியாக வாய்க்கு வரட்டும்.

சொற்களில் இரண்டு இடறல்களை முன்கூட்டியே கவனியுங்கள். பர்மிய மொழியில் ‘ஃபயா’ என்றால் புத்தர், பகோடா, கடவுள் எல்லாமே. நாம் ‘ஃபயாதகின்’ என்று முழுமையாகச் சொல்லிப் பழக்க வேண்டும். தமிழிலோ நாம் குருவானவரையும் ‘சாமி’ என்கிறோம், கடவுளையும் ‘சாமி’ என்கிறோம். என் இளைய மகன் நான்கு வயதுவரை, பீடத்தில் நிற்பவர்தான் வானத்தையும் பூமியையும் படைத்தவர் என்று நம்பிக்கொண்டிருந்தான். பங்குத்தந்தைக்குக் காய்ச்சல் என்று கேட்டதும் அவன் அழுத அழுகையில்தான் எனக்கு விஷயமே தெரிந்தது. அன்றிலிருந்து வீட்டில் ‘ஆண்டவர்’ வேறு, ‘சாமியார்’ வேறு.

4. ஞானஸ்நானம்: அவசரம் எதில், நிதானம் எதில்

பிறந்த முதல் சில வாரங்களுக்குள் ஞானஸ்நானம் கொடுக்கப் பெற்றோர் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். வெளிநாட்டிலிருந்து மாமா வரட்டும், விருந்துக்குப் பணம் சேரட்டும் என்று ஓராண்டு, ஈராண்டு தள்ளுகிறவர்கள் அதிகம். விருந்து தள்ளிப்போகலாம், ஞானஸ்நானம் தள்ளிப்போகக் கூடாது.

நிதானம் தேவைப்படுவது, ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குத் துணைநிற்கும் ஞானப்பெற்றோரைத் தேர்ந்தெடுப்பதில். ஒருவர் போதும். இருவர் என்றால் ஓர் ஆண், ஒரு பெண். 16 வயது நிறைந்தவராக, நற்கருணையும் உறுதிபூசுதலும் (விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் அருளடையாளம்) பெற்ற கத்தோலிக்கராக, அந்த விசுவாசத்துக்கு ஏற்ப வாழ்கிறவராக இருக்க வேண்டும். பிள்ளையின் தாயோ தந்தையோ ஞானப்பெற்றோர் ஆக முடியாது. வசதியான முதலாளியையும் சிங்கப்பூர் சித்தப்பாவையும் தேடாதீர்கள். பிள்ளைக்குப் பத்து வயதாகும்போது அதே பங்கில் அதன் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கக்கூடியவர் யார் என்று பாருங்கள். தெருக்கோடியில் இருக்கும் ஏழை அத்தையாக இருந்தாலும் அவர்தான் சரி.

பிறகு பெயர். நம் பிள்ளைகள் பலருக்கு மூன்று பெயர்கள்: பள்ளியிலும் அடையாள அட்டையிலும் பர்மியப் பெயர், வீட்டில் தமிழ்ப் பெயர், ஞானஸ்நானப் பதிவேட்டில் புனிதர் பெயர். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து வேறு நாட்டில் கோவில் திருமணத்துக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கும்போது, அதில் இருப்பவர் இவர்தான் என்று நிரூபிக்க முடியாமல் அலைகிறார்கள். என் தங்கைக்கே இது நடந்தது. மூன்று மாதம் கடிதம் மேல் கடிதம். பதிவு செய்யும் அன்றே பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரையும் ஞானஸ்நானப் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பெற்றோர் பெயர்களையும் அப்படியே. எழுதி முடித்ததும் ஒவ்வோர் எழுத்தாகப் படித்துப் பாருங்கள். சான்றிதழின் நகலை வேறு ஒரு வீட்டிலும் வைத்திருங்கள்.

5. மாலைச் செபம்: வயதுக்கு ஏற்ற வரிசை

எல்லாவற்றுக்கும் அடித்தளம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கைக்குழந்தைக்குத் தினமும் தூங்கும் முன் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை வரையுங்கள். வேறொன்றும் வேண்டாம். இரண்டு வயதில் அந்தக் குழந்தை உங்கள் நெற்றியில் திருப்பி வரையும். அதைக் கேட்டு வாங்காதீர்கள், தானாக வரும்.

இரண்டு வயதிலிருந்து அதன் கையைப் பிடித்துச் சிலுவை அடையாளம் போடப் பழக்குங்கள். எதிரே உட்கார்ந்து காட்டினால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாகிவிடும். நம் வகுப்பில் தோள் மாறிப் போடும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இப்படிப் பழகியவர்கள்தான். பிள்ளையை மடியில் உங்களுக்கு முதுகு காட்டி உட்காரவைத்து, அதன் வலது கையைப் பிடித்து நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள் என்று நகர்த்துங்கள்.

முதலில் கற்றுக்கொடுக்க வேண்டிய சொல் ‘ஆமென்’. ஒரு சொல்லில் பிள்ளை முழுச் செபத்திலும் பங்கேற்றுவிடும். அடுத்து, மேலே சொன்ன ‘மரியே வாழ்க’ என்ற மங்கள வார்த்தைச் செபத்தின் பின்பாதி. தொடங்குகிறவர் முன்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் பின்பாதியைச் சொல்வதுதானே செபமாலையின் முறை? எல்லோரோடும் சேர்ந்து சொல்லும் பகுதி பிள்ளைக்குச் சீக்கிரம் வரும். முன்பாதியை முதலில் கற்றுக்கொடுத்தால் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கும். தனியாகச் சொன்னால் தவறிவிடுமோ என்ற பயம் வரும்.

ஐந்து வயதுக்குள் மங்கள வார்த்தையும், ஆறு வயதுக்குள் கர்த்தர் கற்பித்த செபமும் தானாக வந்துவிடும். மனப்பாடத் தேர்வு வைக்க வேண்டியதே இல்லை.

முழுச் செபமாலைக்கு அவசரப்படாதீர்கள். 53 மங்கள வார்த்தைகள் என்பது ஐந்து வயதுப் பிள்ளைக்கு முடிவே இல்லாத சாலை. மண்டியிட்டபடியே தூங்கிவிழும் பிள்ளையை அடித்து எழுப்பிய வீடுகளை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகள் பெரியவர்களானதும் செபமாலையைக் கையால் தொடவில்லை. செபமாலையின் ஒரு பத்து மணி, அதாவது பத்து மங்கள வார்த்தைகள் போதும். ஏழு வயதுக்கு மேல் இரண்டு. பிள்ளை தானாக “இன்னொன்று” என்று கேட்கும் நாள் வரும், அன்று கூட்டுங்கள். பெரியவர்கள் மீதியைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

என் மாமியாரின் செபமாலையில் மூன்றாவது பத்தில் ஒரு மணி உடைந்துபோயிற்று. அந்த இடத்தில் நூலால் ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். என் மகளுக்கு அந்த முடிச்சுதான் பிடிக்கும். விரல் அங்கே வந்ததும் குரலை உயர்த்தி, அந்த ஒரு மங்கள வார்த்தையைத் தான்தான் தொடங்க வேண்டும் என்பாள். பாட்டி இறந்து இரண்டு ஆண்டுகளாகின்றன. அந்த முடிச்சில் அவள் இப்போதும் குரலை உயர்த்துகிறாள். புதிய செபமாலை வாங்கிக்கொடுக்க நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: வீட்டில் பழையது இருந்தால் அதையே கொடுங்கள்.

செபத்தின் கடைசியில் ஒவ்வொருவரும் ஒரு நன்றியும் ஒரு வேண்டுதலும் சொல்லுங்கள். இங்கே பெற்றோர் செய்யும் தவறு, வேண்டுதலை அறிவுரையாக்குவது. “ஆண்டவரே, தம்பி பொய் சொல்லாமல் இருக்க வரம் தாரும்” என்று பிள்ளை கேட்க அதைக் குத்திக்காட்டாதீர்கள். உங்கள் குறையை நீங்கள் சொல்லுங்கள். “இன்று கோபத்தில் கத்திவிட்டேன், மன்னியும்” என்று அப்பா சொல்வதைக் கேட்ட பிள்ளைக்குப் பின்னாளில் பாவசங்கீர்த்தனத்தை, அதாவது குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதை, நான் புதிதாக விளக்க வேண்டியிருக்காது.

6. கேள்வி பதிலுக்கு முன் கதை

ஞானோபதேசக் கேள்வி பதில்கள் நல்லவை. ஆனால் ஏழு வயதுக்குப் பிறகு. அதுவரை நற்செய்திக் கதைகள். காணாமல்போன ஆடு, நல்ல சமாரியர், புயலை அடக்கியது, அப்பம் பலுகியது. ஒரு வாரத்துக்கு ஒரே கதையைச் சொல்லுங்கள். ஏழாவது நாள் பிள்ளை உங்களைத் திருத்தும். ஐராவதி ஆற்றுப் படகுகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குக் கலிலேயாக் கடலை விளக்கத் தேவையே இல்லை.

“சாமி கண்ணைக் குத்தும்” என்ற பேச்சு வீட்டில் ஒரு முறைகூட வரக் கூடாது. அவசரத்துக்கு அடங்கிய பிள்ளை, பதினைந்து வயதில் அந்தக் கண் குத்தும் சாமியை விட்டு ஓடிவிடும்.

7. ஞாயிறு

ஞாயிறு திருப்பலி சனிக்கிழமை மாலையே தொடங்குகிறது. உடுப்பை எடுத்து வையுங்கள், மறுநாள் நற்செய்தியைக் கதையாகச் சொல்லுங்கள். கோவிலில் அதே கதை வாசிக்கப்படும்போது பிள்ளை நிமிர்ந்து பார்க்கும். பர்மிய மொழித் திருப்பலியே பக்கத்தில் கிடைக்கிறது என்றால், தமிழ் மட்டுமே அறிந்த பாட்டியோடு போகும் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியம்.

முன்வரிசையில் உட்காருங்கள். பிள்ளை அழுமே என்று பின்வரிசைக்குப் போகிறோம். அங்கே அதற்குத் தெரிவது பெரியவர்களின் முதுகுகள். எதையும் பார்க்க முடியாத பிள்ளைதான் அதிகம் படுத்தும். அழுதால் வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டுத் திரும்பவும் முன்வரிசைக்கே வாருங்கள். கையில் செல்போன் கொடுப்பது மட்டும் வேண்டாம். அன்று அமைதி கிடைக்கும். ஆனால் கோவிலில் உட்காரப் போன் வேண்டும் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும்.

திருப்பலி முழுவதையும் விளக்காதீர்கள். மணி அடித்து அப்பத்தை உயர்த்தும்போது, “பார், இயேசு” என்று காதில் சொல்லுங்கள். ஓராண்டுக்கு அது போதும். முடிந்ததும் ஒரு கிண்ணம் மொஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) வாங்கிக்கொடுங்கள். ஞாயிறு என்றால் கோவிலும் மொஹிங்காவும் என்று நாக்கில் பதிவது நல்லதுதான்.

மழைக்காலத்தில் தெருவெல்லாம் தண்ணீர், சில நேரம் வேறு காரணங்கள். போகவே முடியாத ஞாயிறு வரும். அத்தகைய நேரத்தைக் குடும்பமாகச் செபத்தில் செலவிடத் திருச்சபை பரிந்துரைக்கிறது. அதே உடுப்பை உடுத்தி, அதே நேரத்தில் முக்காலியைச் சுற்றி உட்கார்ந்து நற்செய்தியை வாசியுங்கள். பழக்கத்தில் ஓட்டை விழக் கூடாது.

8. பாவசங்கீர்த்தனமும் புதுநன்மையும்

ஏழு வயதளவில் பிள்ளைக்கு விவரம் தெரியும் பருவம். புதுநன்மைக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். அதற்கு ஆறு மாதத்துக்கு முன்பே இரவில் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பழக்குங்கள்: “இன்று யாரையாவது வருத்தப்படுத்தினாயா?” பதில் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மனதுக்குள் ஆண்டவரிடம் சொன்னால் போதும் என்று சொல்லிவிடுங்கள்.

மூன்று எச்சரிக்கைகள். பிள்ளை பாவசங்கீர்த்தனம் முடித்து வந்ததும் “என்ன சொன்னாய்?” என்று கேட்காதீர்கள். “சாமியாரிடம் சொல்லிவிடுவேன்” என்று மிரட்டாதீர்கள். அன்போடு போக வேண்டிய இடம் காவல் நிலையமாகிவிடும். பெற்றோர் அதே நாளில், பிள்ளை பார்க்க, வரிசையில் நின்று தாங்களும் பாவசங்கீர்த்தனம் செய்யுங்கள். மூன்றாவதைச் செய்யும் பெற்றோர் மிகக் குறைவு. அதைச் செய்த வீட்டுப் பிள்ளைகளை எனக்கு முகம் பார்த்தே தெரியும்.

புதுநன்மைக்கு அப்பம் எது, இயேசு எது என்று பிள்ளை வேறுபடுத்தி அறிந்தால் போதும். நன்மை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிலிருந்து தண்ணீரும் மருந்தும் தவிர எதுவும் கூடாது. வகுப்பிலேயே இதைப் பழக்குகிறோம். ஆனாலும் காலையில் பால் கொடுத்து அனுப்புவது பாட்டிதான்.

வெள்ளை உடுப்பு, விருந்து, புகைப்படம் எல்லாம் இருக்கட்டும். அடுத்த ஞாயிறுக்கு என்ன திட்டம்? பதினாறு ஆண்டு அனுபவத்தில் சொல்கிறேன், பிள்ளையின் பாதை தெரிவது அந்த இரண்டாவது ஞாயிறில்தான். விருந்துக்கு அழைக்கும்போதே ஞானத்தாயிடமும் ஞானத்தந்தையிடமும், “அடுத்த ஞாயிறு நீங்கள் வந்து இவனைக் கூட்டிக்கொண்டு போய் நன்மை வாங்கவையுங்கள்” என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

9. பள்ளி, அக்கம்பக்கம், திருவிழாக்கள்

வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் நம் பிள்ளை ஒருவன்தான் கிறிஸ்தவன் என்பது இங்கே சாதாரணம். ஆசிரியருக்கு முன் விழுந்து ‘கடோ’ செய்வது சிலை வணக்கமா என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். இல்லை. பெரியவர்களுக்கும் கற்றுக்கொடுத்தவர்களுக்கும் செய்யும் மரியாதை அது. நாம் காலைத் தொட்டு ஆசி வாங்குவது போலத்தான். நான்காம் கட்டளையை அங்கேயே விளக்கிவிடலாம். பள்ளியில் நடக்கும் பௌத்த வழிபாட்டில் பங்கேற்பது வேறு. அந்த நேரத்தில் எழுந்து அமைதியாக நின்றால் போதும் என்று சொல்லிக்கொடுங்கள். இதைப் பள்ளியில் சேர்க்கும் முன்பே சொல்ல வேண்டும். அங்கே மாட்டிக்கொண்ட பிறகு சொன்னால் பிள்ளைக்கு அவமானம்தான் மிஞ்சும்.

ஏப்ரல் மாதத்துத் தண்ணீர்த் திருவிழா சில ஆண்டுகளில் புனித வாரத்தோடு மோதும். 2017இலும் 2022இலும் பெரிய வெள்ளி அதற்கு நடுவிலேயே வந்தது. தெருவெல்லாம் பாட்டும் தண்ணீரும். நம் பிள்ளை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அன்று காலையில் “கூடாது” என்று சொல்லாதீர்கள். சாம்பல் புதனன்றே நாள்காட்டியை எடுத்துவைத்து, எந்த நாள் விளையாட்டு, எந்த நாள் சிலுவைப்பாதை என்று பிள்ளையோடு சேர்ந்து குறியுங்கள். பெரிய வெள்ளி ஆண்டவருக்கு. உயிர்ப்பு ஞாயிறு பூசை முடிந்ததும் வாளியோடு தெருவுக்கு. பிள்ளை தானே குறித்த நாளைத் தானே காப்பாற்றும். இறைச்சி தவிர்க்கும் கட்டாயம் 14 வயது நிறைந்தபின்தான். நோன்பு 18க்கு மேல். சின்னவர்கள் விரும்பி மிட்டாயை விட்டுக்கொடுத்தால் அதுவே போதும்.

பிப்ரவரி 11 லூர்து மாதா திருநாளையொட்டி ஞாவுங்லேபின் மாதா கோவிலுக்குத் திருயாத்திரை போக முடிந்தால் போங்கள். ஜூன் 13 அந்தோனியார், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள், நவம்பர் 2 கல்லறைத் திருநாள் ஆகியவற்றையும் விடாதீர்கள். கல்லறையில் புல் பிடுங்கி மெழுகுவர்த்தி ஏற்றும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள்.

பெரிய நிகழ்ச்சிகளை மட்டும் நம்பிவிடாதீர்கள். 2017 நவம்பர் 29 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் யாங்கோனின் கியாய்க்கசான் மைதானத்தில் திருப்பலி நிறைவேற்றியபோது, இருட்டோடு எழுந்து போனோம். அப்போது என் மகளுக்கு ஆறு வயது. இப்போது கேட்டால் அவளுக்கு நினைவிருப்பது, பாயில் பாட்டியின் மடியில் படுத்து விடியும்வரை செபமாலை கேட்டது.

10. பதின்ம வயது

உறுதிபூசுதல் முடிந்ததும் மறைக்கல்விக்கு முழுக்குப் போடுவது வழக்கமாகிவிட்டது. அந்த வயதில் பாடம் குறையட்டும், பொறுப்பு கூடட்டும். பீடப் பணி, பாடற்குழு, நோயாளிகள் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோவது, சின்னப் பிள்ளைகளின் வகுப்பில் எனக்கு உதவுவது என்று ஏதாவது ஒன்று. தன்னை நம்பி ஓரிடம் காத்திருக்கிறது என்றால் அந்த வயதுப் பிள்ளை வரும்.

சந்தேகம் கேட்டால் அதட்டாதீர்கள். “எனக்குத் தெரியாது, சாமியாரிடம் சேர்ந்து போய்க் கேட்கலாம்” என்பது நேர்மையான பதில். சொன்னபடி போகவும் வேண்டும்.

வேலைக்காகத் தாய்லாந்துக்கோ மலேசியாவுக்கோ புறப்படும் பிள்ளையின் பையில் ஞானஸ்நான, உறுதிபூசுதல் சான்றிதழ்களின் நகலும் ஒரு செபமாலையும் இருக்கட்டும். போகும் ஊரில் எந்தக் கோவில், எத்தனை மணிக்குத் திருப்பலி என்பதை வேலையிடத்தின் முகவரியோடு சேர்த்தே விசாரித்து எழுதிக்கொடுங்கள்.

11. நடுவில் அறுந்துபோனால்

பிரசவம், நோய், இடமாற்றம், துக்கம். மூன்று மாதம் செபமே நடக்காத காலம் எந்த வீட்டுக்கும் வரும். எங்கள் வீட்டுக்கும் வந்தது. மறுபடி தொடங்கும்போது, விட்ட இடத்திலிருந்து முழு அளவில் தொடங்கினால் ஒரு வாரத்தில் மீண்டும் நின்றுவிடும்.

முதல் வாரம் மெழுகுவர்த்தியும் சிலுவை அடையாளமும் மட்டும். இரண்டாம் வாரம் ஒரு மங்கள வார்த்தை. மூன்றாம் வாரம் நன்றியும் வேண்டுதலும். நான்காம் வாரம் ஒரு பத்து மணி. ஏன் நின்றது, யாரால் நின்றது என்ற பேச்சே வேண்டாம். இன்றிரவு தட்டைக் கழுவி வைத்துவிட்டுத் தீப்பெட்டியை எடுங்கள். வீட்டிலேயே சின்னவனைக் கூப்பிட்டு, மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.